வீசி எறியும் கொட்டையில் எவ்வளவு புரதம்? வாசகர் கேள்வி பதில்

மரத்தடியில் சும்மா கொட்டிக்கிடக்கும் விதைகளைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தன. பலா, புளி, முருங்கை மூன்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் சீசனில் கூடை கூடையாகப் பலாக்கொட்டை சேர்கிறது. போன வருடம் காயவைத்து மாவாக்கினேன். ஒரே மாதத்தில் புளித்த வாடை வந்துவிட்டது. வயிறும் உப்புசம். புரதத்துக்கு இதை நம்பலாமா? (பண்ருட்டி வாசகி)

நம்பலாம். ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். பச்சைக் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதனால் 100 கிராம் கொட்டையில் சுமார் 6 கிராம் புரதம்தான் கிடைக்கும். உலர்ந்த மாவாக்கினால் அது 12 சதவீதத்தை ஒட்டி வரும், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. கோதுமை மாவுக்கு இணையான அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பருப்புக்கு இணை அல்ல. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். அதைப் பலாக்கொட்டையை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. அரிசிச் சோற்றில் குறைவாக இருக்கும் லைசின் (புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களில் ஒன்று) இந்தக் கொட்டையில் ஓரளவு இருப்பதால், சாம்பாரிலும் பொரியலிலும் சேர்த்துச் சாப்பிடுவதற்கு அர்த்தம் உண்டு.

உங்கள் மாவு கெட்டதற்கும் வயிறு உப்பியதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கொட்டையை வேகவைக்காமல் முழுசாகக் காயவைத்திருப்பீர்கள். முழுக் கொட்டை வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதோடு பச்சைக் கொட்டையில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. நம் குடலில் புரதத்தை உடைக்கும் நொதியை அது பிடித்து நிறுத்திவிடும். இன்னொன்று ஜாகலின் என்ற லெக்டின். பச்சைக் கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் வரும் புரதத்தில் பாதிக்கு மேல் இதுதான். சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் இதையே வாங்கிப் பயன்படுத்துகின்றன. இரண்டையும் அடக்க ஈரச் சூடு போதும்.

கொட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள்போல ஒரு வெள்ளைத் தோல் இருக்கும். அதை உரித்துவிட்டு, குக்கரில் கொட்டை மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு 3 விசில் வந்தபின் தீயைக் குறைத்து 10 நிமிடம் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுவுக்குக் காரணமான சிறு சர்க்கரைகளில் ஒரு பங்கு அதில் போய்விடும். சூடு ஆறியதும் உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சாக்குத் துணியில் தேய்த்து எடுங்கள். அது துவர்க்கும், மாவின் நிறத்தையும் கெடுக்கும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, வெயிலில் 2 நாள் காயவையுங்கள். ஒரு வில்லையை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் அரைக்கலாம், வளைந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்கு 400 கிராம் அளவில் மாவு வரும்.

இந்த மாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இல்லை. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 150 கிராம் வரை சேர்த்தால் சப்பாத்தி நன்றாக இருக்கும், 300 கிராமைத் தாண்டினால் தேய்க்கும்போதே விளிம்பு விரியும். தண்ணீரை அதிகம் இழுக்கும் மாவு என்பதால் பிசைந்து 20 நிமிடம் ஊறவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். முறுக்குக்குச் சேர்ப்பதானால் ஓமமும் பெருங்காயமும் தாராளமாகப் போடுங்கள்.

பச்சையாகவே வைத்திருந்து பிறகு சமைக்க நினைப்பவர்கள், செம்மண் கரைசலில் புரட்டி நிழலில் உலர்த்தி மண் பானையில் போடும் பழைய வழக்கத்தையே பின்பற்றலாம். பலா விதை காய்ந்தால் செத்துவிடும் வகை. அதன் ஈரத்தைக் காப்பதுதான் அந்த மண் பூச்சின் வேலை.

புளி கொட்டை எடுத்தபின் மூட்டை மூட்டையாக விதை மிஞ்சுகிறது. கிலோவுக்கு அற்ப விலைதான் கிடைக்கிறது. பாட்டி காலத்தில் வறுத்துத் தின்றதாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே உணவாகுமா? (தருமபுரி வாசகர்)

ஆகும். நம் ஊரில் வீணாகும் மர விதைகளில் எனக்கு அதிகம் மனம் வருந்துவது இதற்குத்தான். மூட்டைகளை வாங்கிப் போகிறவர்கள் அதைப் பொடியாக்கி நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடவும், சணல் ஆலைகளுக்கும் விற்கிறார்கள். ஜப்பானில் அதே விதையின் பசையைச் சுத்தம் செய்து சாஸிலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள்.

விதையின் எடையில் 30 சதவீதம் அந்தக் கருஞ்சிவப்பு ஓடு, 70 சதவீதம் உள்ளே இருக்கும் வெளிர்மஞ்சள் பருப்பு. பருப்பில் 15 முதல் 20 சதவீதம் புரதம், 6 முதல் 8 சதவீதம் எண்ணெய், பாதிக்கு மேல் சைலோகுளூக்கன் என்ற பசை. ஓடு முழுக்க டானின், அதாவது துவர்ப்பு. டானின் புரதத்தோடு பிணைந்து அதைச் செரிக்கவிடாமல் செய்துவிடும். எனவே ஓடு சரியாகப் போனால்தான் புரதம் உங்களுக்கு. ஓட்டுத் துணுக்குகள் 100க்கு 5 கலந்திருந்தாலே மாவு செம்பட்டையாகி நாக்கில் பிடிக்கும்.

ஓட்டை எடுக்க இரும்புச் சட்டியில் ஆற்று மணலைச் சுடவைத்து, விதையைப் போட்டு மிதமான தீயில் 5 முதல் 8 நிமிடம் புரட்டுங்கள். முதலில் மணலின் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்பட்டென்று வெடிக்கும். வெடிப்பு தொடர்ச்சியாகக் கேட்கத் தொடங்கியதும் இறக்கிச் சலித்துவிடுங்கள். ஆறியபின் உரலில் லேசாகத் தட்டினால் ஓடு சில்லுசில்லாகக் கழன்றுவிடும். முறத்தில் புடைத்தால் பருப்பு தனியே நிற்கும். பருப்பை உடைத்துப் பாருங்கள். உள்ளே கிரீம் நிறமாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வறுவல் மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த நிறம் வரும்போதே லைசினில் ஒரு பங்கு சர்க்கரையோடு சேர்ந்து வீணாகியிருக்கும், பசையின் குழைவும் குறைந்திருக்கும்.

சாப்பிடுவதற்கு, பருப்பை ஒரு இரவு ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, குக்கரில் 20 நிமிடம் வேகவையுங்கள். ஊறிய பருப்பு வழுவழுப்பாக இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அது பசைதான். அடை மாவில் 4 பங்கு பருப்பு வகைகளுக்கு ஒரு பங்கு இதை அரைத்துச் சேர்க்கலாம். இதற்கு மேல் போனால் அடை உள்ளே வேகாமல் களிபோல நிற்கும்.

இதன் புரதத்தில் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள், அதாவது மெத்தியோனினும் சிஸ்டினும் குறைவு. பயறு வகை எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான், புளியும் அந்தக் குடும்பம்தானே. எள்ளும் கேழ்வரகும் அதை ஈடுகட்டும். கேழ்வரகு அடையில் புளியம்பருப்பும் ஒரு கைப்பிடி எள்ளும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும்.

குழம்பு, சாஸ் கெட்டியாக வேண்டுமென்றால் லிட்டருக்கு 5 கிராம் புளியம்பருப்புப் பொடி போதும். கொதிக்கும் குழம்பில் நேரே தூவினால் உருண்டை கட்டும், அந்த உருண்டை பிறகு கரையவே கரையாது. ஆறிய தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு கொதிக்கவிட்டு 20 நிமிடம் கிளறுங்கள். பொடியை அரைக்க மிக்ஸியை நம்ப வேண்டாம், பிளேடு மழுங்கிவிடும். மாவு மில்லில் மசாலா அரைக்கும் கல்லில் கொடுங்கள்.

கோழித்தீவனத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குஞ்சுகளுக்கு வேண்டாம். பசை குடலில் கெட்டியாகித் தீவனத்தின் மற்றச் சத்துகளையும் உறிஞ்சவிடாது, எச்சம் ஒட்டும், தரை ஈரமாகும்.

உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். பலாக்கொட்டை மாவிலிருந்து புரதத்தைப் பிரித்தேன். பி.எச். 11இல் கரைத்து, அமிலம் விட்டுப் படியவைத்து, 70 டிகிரியில் உலர்த்தினேன். பழுப்பாக வந்தது. தண்ணீரில் கரையவே இல்லை, நுரையும் நிற்கவில்லை. எங்கே தவறு? (கோவை மாணவி)

இரண்டு இடத்தில் தவறு. பி.எச். (அமில, கார அளவுகோல்; 7 நடுநிலை) 11 அதிகம். அந்தக் காரத்தில் பழுப்புத் தோலில் மிஞ்சிய பாலிபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து கறுத்து, புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். லைசினும் சிதைந்து லைசினோஅலனைன் என்ற வேண்டாத பொருளாக மாறத் தொடங்கும். விளைச்சல் சற்றுக் கூடும் என்பதற்காக எல்லோரும் காரத்தை ஏற்றுகிறார்கள். கிடைப்பது அளவில் கூடுதல், தரத்தில் மட்டம்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பழுப்புத் தோலை முழுக்க நீக்கிய பச்சைக் கொட்டையை 45 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி அரையுங்கள். வேகவைத்த மாவில் புரதம் ஏற்கெனவே உறைந்திருக்கும், பிரிக்க வராது. 100 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பி.எச். 8.5 முதல் 9, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். அரை மணி அசையாமல் வைத்தால் மாவுச்சத்து அடியில் வெள்ளைச் சுண்ணாம்புபோல இறங்கும். தெளிவை மட்டும் நான்கு மடிப்பு மஸ்லினில் வடித்தெடுங்கள். அடியைக் கலக்கிவிட்டால் உங்கள் புரதப்பொடியில் பாதி மாவுச்சத்தாக இருக்கும். நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 4.5க்குக் கொண்டுவந்து, குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். படிவை இரண்டு முறை கழுவி, பி.எச். 7க்கு மீட்டு, மெல்லிய படலமாகப் பரப்பி 45 முதல் 50 டிகிரியில் உலர்த்துங்கள். நீங்கள் வைத்த 70 டிகிரி ஈரமான புரதத்தை உறையவைத்துவிட்டது. கரையாததற்கு அதுதான் காரணம்.

மேலே நிற்கும் தெளிந்த நீரை உடனே கொட்டிவிடாதீர்கள். பலாக்கொட்டையில் தண்ணீரிலேயே கரையும் புரதம் அதிகம், எல்லாமே 4.5இல் படியாது. புரதத்தைக் கணக்கிட உதவும் நைட்ரஜன் அளவை அந்த நீரிலும் பார்த்தால்தான் விளைச்சல் கணக்கு உண்மையாக இருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நன்றாகக் கரைந்து நன்றாக நுரைக்கும் பொடி என்றால், அதில் லெக்டின் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சூடுபடுத்தி அதை அடக்கினால் கரையும் குணமும் போகும். ஆகவே இந்தப் பொடியைக் குளிர்பானத்தில் கலக்கும் புரதமாகப் பரிந்துரைக்க முடியாது. மாவில் நுரைத்து, பிறகு அடுப்பில் நன்றாக வேகும் கேக், பிஸ்கட் போன்றவற்றுக்குப் பொருந்தும். அங்கே நுரையும் கிடைக்கும், சூடும் கிடைக்கும்.

எங்கள் விதை மாவுக்கு ஆய்வகச் சான்றில் ‘கச்சாப் புரதம் 22 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. பாக்கெட்டில் அப்படியே அச்சிடலாமா? (ஈரோடு வாசகர்)

ஆய்வகம் அளந்தது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. கெல்டால் முறையில் நைட்ரஜன் அளவைக் கண்டு 6.25ஆல் பெருக்குகிறார்கள். கொட்டை வகைகளுக்குப் பொதுவாக 5.3தான் சரியான எண், பாதாமுக்கு 5.18. உங்கள் விதைக்கு 5.3 பொருந்துமென்றால், 22 என்பது 18.7 ஆகிவிடும். எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று ஆய்வகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அமினோ அமிலப் பட்டியலும், டிரிப்சின் தடுப்பான் அளவும் பாருங்கள். அந்த மூன்றும் சேர்ந்தால்தான் 22க்கு மதிப்பு.

ஊரணித் தண்ணீர் மழைக்குப் பின் கலங்கலாக இருக்கிறது. முருங்கை விதைப்பொடி போட்டால் தெளியும் என்கிறார்களே, அது உண்மையா? அந்த விதையைச் சாப்பிடவும் செய்யலாமா? (ராமநாதபுரம் வாசகி)

உண்மைதான். சூடானில் நைல் ஆற்றுக் கலங்கலைத் தெளியவைக்கக் கிராமத்துப் பெண்கள் முருங்கை விதையை வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வேலை செய்வது விதையில் இருக்கும் ஒரு சிறிய புரதம். பெரும்பாலான விதைப் புரதங்கள் குடிநீரில் எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கும். இது நேர்மின் ஏற்றத்தோடு நிற்கும். களிமண் துகள்களுக்கு எதிர்மின் ஏற்றம். இரண்டும் ஒட்டித் திரளாகி அடியில் உட்கார்ந்துவிடும்.

மரத்திலேயே காய்ந்து பழுப்பான நெற்றின் விதைதான் வேண்டும், பச்சை விதைக்கு இந்தச் சக்தி இல்லை. சிறகையும் ஓட்டையும் நீக்கினால் வெள்ளைப் பருப்பு வரும். 20 லிட்டருக்கு 2 கிராம், அதாவது சுமார் 10 பருப்பு. மிகவும் கலங்கலாக இருந்தால் இரட்டிப்பாக்கலாம். பொடித்து, ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் 5 நிமிடம் குலுக்கி, துணியில் வடித்த பாலைக் குடத்தில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு 5 நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் உருவான திரள் உடைந்துபோகும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் மண் அடியில் படியும். மேலே உள்ளதை மெல்லச் சாய்த்து எடுங்கள்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமிகளில் பெரும்பகுதி மண்ணோடு இறங்கும், மிச்சம் இருக்கத்தான் செய்யும். கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். வேலை முடிந்தபின் நீரில் மிஞ்சும் புரதமும் மற்ற விதைச்சத்தும் கிருமிக்கு உணவாகும் என்பதால், அந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. தேவைக்கு மேல் பொடி போட்டாலும் இதே தொல்லைதான்.

முற்றிய விதையைச் சாப்பிடுவது வேறு விஷயம். பருப்பில் மூன்றில் ஒரு பங்கு புரதம், அதே அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ எண்ணெய். புளிக்கு நேர் எதிராக, இதில் கந்தக அமினோ அமிலங்கள் தாராளம், லைசின் குறைவு. ஆனால் கசப்பு தாங்காது, அதிகம் தின்றால் வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டுக்குக் காயிலிருக்கும் இளம் விதையே போதும். எண்ணெய் ஆட்டுபவர்கள் மிஞ்சும் பிண்ணாக்கை எறிய வேண்டாம், தெளியவைக்கும் புரதம் அதிலேயே தங்கியிருக்கும்.

புங்கம், இலுப்பை, சவுண்டல் விதைகளிலும் புரதம் அதிகம் என்று படித்தேன். ஆடு மாடுகளுக்குக் கொடுக்கலாமா? (திருவண்ணாமலை வாசகர்)

புங்கம் பிண்ணாக்கும் இலுப்பைப் பிண்ணாக்கும் தொழுவத்துக்கு வேண்டாம். முதலாவதில் கரஞ்சின், இரண்டாவதில் சப்போனின். மீன் வளர்ப்புக் குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கைப் போடுகிறார்கள் என்பதே போதுமான எச்சரிக்கை. உரமாகப் போடுங்கள், நன்றாக வேலை செய்யும்.

சவுண்டலில் மைமோசின் இருக்கிறது. தழையை மொத்தத் தீவனத்தில் 30 சதவீதத்துக்குள் வைத்தால் ஆடு மாடு தாங்கும், மிஞ்சினால் முடி கொட்டும், இளைக்கும். விதையில் அந்த நஞ்சு கூடுதல் என்பதால் விதையைக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் விளையாடும் சிவப்பு மஞ்சாடி விதையை வறுத்துத் தின்னலாம் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகி)

மஞ்சாடி என்ற ஆனைக்குன்றிமணியில் கால் பங்குக்குப் புரதம் உண்டு. சில நாடுகளில் வறுத்து ஓடு நீக்கிச் சாப்பிடுகிறார்கள், பச்சையாகக் கூடாது. எங்கள் கருத்து, வீட்டில் இதைத் தொடங்கவே வேண்டாம். பெயரிலும் நிறத்திலும் நெருங்கி நிற்கும் குன்றிமணி கொடிய நஞ்சு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி, முழுக்கச் சிவப்பு மஞ்சாடி. இதைப் பெரியவர்கள் பிரித்தறிவார்கள், ஆனால் தின்னப் பழகிய பிள்ளை பார்த்துக்கொண்டிருக்காது.

மாங்கொட்டைப் பருப்பு? (கிருஷ்ணகிரி வாசகர்)

புரதத்துக்காக என்றால் மெனக்கெட வேண்டாம், உலர்ந்த பருப்பில் 6, 7 சதவீதம்தான். அதன் கொழுப்புக்குத்தான் மதிப்பு. சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கும் ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. சாப்பிடுவதானால் பொடியை மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துத் துவர்ப்பை நீக்கி, நன்றாக வேகவைக்க வேண்டும். பழம் தின்ற ஒன்றிரண்டு நாளில் ஓட்டை உடைத்துப் பருப்பைக் காயவைத்துவிடுங்கள். ஓட்டுக்குள் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஒடிசாவின் காசிப்பூரில் 2001இல் மாங்கொட்டைக் கூழ் குடித்த ஏழைப் பழங்குடியினர் பலர் இறந்தார்கள். கறுப்புப் புள்ளியோ மக்கிய வாடையோ இருந்தால் அந்தத் தொகுதியையே எறிந்துவிடுங்கள்.

பள்ளி மைதானத்தில் நாட்டு வாதுமை மரம் இருக்கிறது. பழம் விழுந்து மிதிபடுகிறது. பருப்பை எளிதாக எடுக்க வழி உண்டா? (தஞ்சாவூர் ஆசிரியை)

எடுக்க வேண்டிய பருப்புதான். கால் பங்கு புரதம், பாதிக்கு எண்ணெய், நஞ்சு பற்றிய கவலை இல்லை. கொட்டைகளை ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரக் கொட்டையை உடைத்தால் பருப்பு நசுங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கொட்டையின் இரு பக்கமும் ஒரு வரப்பு ஓடும். படுக்கவைத்து அடிக்காமல், அந்த வரப்பின் மேல் நிறுத்தி, கூரான முனையில் சுத்தியலால் ஒரே தட்டாகத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே சுருட்டிய தாள்போல மெல்லிய பருப்பு இருக்கும். 100 கொட்டை உடைத்தால் ஒரு கைப்பிடிதான் தேறும், அதனால் விற்பனைக்குக் கணக்குப் போடாதீர்கள். எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து, மற்றதை ஓட்டோடு சாக்கில் வையுங்கள். பாதாம், முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு இதையும் கொடுக்காதீர்கள்.